இறப்பரின் கணக்கை எழுதிய றொஜர் கேஸ்மன்ற்

ஒஸ்லோ நகரின் கார்ல் யுகான் வீதியில், நாடாளுமன்றத்துக்கு அண்மையில் கிறாண்ட் ஹொட்டேல் நிற்கிறது. வேலைக்கும் மொழி வகுப்புக்குமாக அவ்வழியே நாள்தோறும் நடப்போரில் நம்மவர்களும் பலர். 1914ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில், இந்நகர் கிறிஸ்தியானியா என்று அழைக்கப்பட்ட காலத்தில், தாடியை மழித்துவிட்டு வேறொருவரின் பெயரில் கடல் கடந்து வந்த ஐம்பது வயது மனிதர் ஒருவர் அங்கே தங்கினார். அவரைப் பிடித்துக் கொடுப்பதற்கு இந்நகரிலிருந்த பிரித்தானியத் தூதரகம் விலை பேசியது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அதே அரசுதான் அவருக்குச் 'சேர்' பட்டம் வழங்கியிருந்தது. அவர் பெயர் றொஜர் கேஸ்மன்ற். அவரது வாழ்க்கையை இறப்பரின் வரலாற்றிலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது.

கேஸ்மன்ற் 1864இல் டப்ளின் நகருக்கு அருகே பிறந்தவர். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, வட அயர்லாந்தின் அன்ரிம் பகுதியில் உறவினரிடம் வளர்ந்தார். பதினாறு வயதளவில் லிவர்பூலின் எல்டர் டெம்ப்ஸ்ரர் கப்பல் நிறுவனத்தில் எழுதுவினைஞரானார். 1884இல் கொங்கோ சென்றார். அந்நிலம் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனிச்சொத்துப் போல ஆகிக்கொண்டிருந்த காலம் அது.

1888இல் பெல்பாஸ்ற் நகரில் டன்லொப் என்ற மிருக வைத்தியர், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த இறப்பர்க் குழாயைச் செய்து உரிமம் பெற்றார். ரியூப் என்று நாம் சொல்லும் பொருளின் வணிகம் அங்கிருந்தே பெருகியது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் துவிச்சக்கர வண்டியில் ஏறின. பின்னர் மோட்டார் வண்டி வந்தது. காற்றைக் கசியவிடாமல் காக்கும் அக்குழாய்க்கு இறப்பர் வேண்டும். கடன்சுமையில் தள்ளாடிய லியோபோல்டின் ஆட்சிக்குக் கொங்கோக் காட்டுக் கொடிகளின் பால் பொன்னாயிற்று. ஒவ்வொரு கிராமமும் இத்தனை கூடை இறப்பர் தரவேண்டும் என விதிக்கப்பட்டது. குறைந்தால் பெண்கள் பணயமாகப் பிடிக்கப்பட்டனர், ஊர்கள் எரிக்கப்பட்டன, சுட்ட தோட்டாவுக்குக் கணக்குக் காட்டச் சிப்பாய்கள் மனிதரின் கைகளை வெட்டிச் சென்றனர்.

1903இல் கேஸ்மன்ற் கொங்கோவில் பிரித்தானியத் தூதுவ அலுவலராக இருந்தார். நாடாளுமன்றத்தில் எழுந்த குரலை அடுத்து, சிறு நீராவிப் படகொன்றை வாடகைக்கு அமர்த்தி அவர் ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்றார். முன்பு தாம் கண்டிருந்த, மக்கள் நிறைந்த ஊர்கள் வெறுமையாகக் கிடந்தன. இறப்பர்ப் பகுதிகளிலிருந்து ஓடி வேறிடங்களில் தஞ்சமடைந்திருந்தோரை அவர் தேடிச் சென்று விசாரித்தார். ஏன் ஓடினார்கள், எத்தனை கூடை கேட்கப்பட்டது, யார் கொல்லப்பட்டார் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். அகதிகளின் வாய்மொழி ஒரு பேரரசின் ஆவணத்தில் சான்றாக ஏறியது.

அறிக்கை 1904இல் வெளியானபோது, பிரித்தானிய வெளியுறவு அமைச்சு ஆட்களின் பெயர்களையும் ஊர்களின் பெயர்களையும் நீக்கிவிட்டது. பெயரற்ற துயரம் யாரையும் குற்றவாளியாக்காது என்பதை அறிந்த கேஸ்மன்ற் கடுமையாக வாதிட்டும் பயனிருக்கவில்லை. எப்பொண்டோ என்ற கையிழந்த இளைஞன், தன் கையைக் காட்டுப்பன்றியே கடித்தது என்று பின்னர் சொல்ல நேர்ந்தது. அந்த ஒரு பிறழ்வைப் பிடித்துக்கொண்டு அறிக்கை முழுவதையும் பொய்யாக்க லியோபோல்டின் ஆட்கள் முயன்றனர். ஆயினும் அம்மன்னரே அமைத்த விசாரணைக் குழு, அறிக்கையின் சாரம் உண்மையே என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. தஞ்சம் கோரும் நேர்காணலில் ஒரு திகதி பிசகியதால் முழு வாக்குமூலமும் ஐயத்துக்குள்ளான அனுபவம் நம்மிடையே அரிதன்று. எப்பொண்டோவின் கதை நமக்குப் புதிதாகத் தோன்றாது.

கேஸ்மன்ற்றுக்குத் துணை நின்றவர் மொறெல். எல்டர் டெம்ப்ஸ்ரர் நிறுவனத்தின் அலுவலரான அவர், அன்ற்வேப் துறைமுகத்தில் ஒன்றைக் கவனித்தார். கொங்கோவிலிருந்து வரும் கப்பல்கள் இறப்பரும் யானைத் தந்தமும் நிறைந்து வந்தன. திரும்பும் கப்பல்கள் பெரிதும் துப்பாக்கியும் தோட்டாவுமே கொண்டு சென்றன. விலை கொடுக்காமல் வாங்குவது வணிகமன்று, கொள்ளை என்பதை அந்தக் கணக்கேடுகளே சொல்லின. இருவரின் முயற்சியில் 1904இல் கொங்கோச் சீர்திருத்தச் சங்கம் உருவாயிற்று. 1908இல் கொங்கோ மன்னரின் பிடியிலிருந்து பெல்ஜிய அரசின் கைக்கு மாறியது.

1910இல் கேஸ்மன்ற் அமேசன் காட்டின் புற்றுமாயோப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். அங்கும் இறப்பர், அங்கும் சவுக்கு. இலண்டனில் பதிவான பெருவியன் அமேசன் கம்பனியின் நிலையங்களில், எடை குறைந்த ஒவ்வொரு சுமைக்கும் விற்றோற்றோ, போரா முதலிய பழங்குடியினரின் முதுகுகள் கணக்குத் தீர்த்தன. 1911இல் அவர் 'சேர்' ஆனார். 1912இல் அறிக்கை வெளிவந்தது.

ஆயினும் காட்டு இறப்பரின் காலத்தை முடித்தது அறிக்கைகள் மட்டுமல்ல. 1876இல் விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் இலண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றின் கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடவுக்கும் பின் மலாயாவுக்கும் சென்றன. முதலாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில் தோட்ட இறப்பர் காட்டு இறப்பரை விஞ்சிவிட்டது. அம்மரங்களில் பால் வெட்டிய கைகளில் பெரும்பகுதி தமிழ்க் கைகள். உலகத்தின் ரியூப்புகளில் அவர்களின் உழைப்பும் காற்றோடு அடைபட்டிருந்தது. இலங்கையில் அவர்களின் வழித்தோன்றல்கள் பலர், 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர்.

பிறர் நாட்டின் அடிமைத்தனத்தைப் பார்த்த கண்ணால் கேஸ்மன்ற் தம் நாட்டையும் பார்த்தார். 1913இல் பதவியைத் துறந்து அயர்லாந்தின் விடுதலைக்காக இறங்கினார். ஜேர்மனியின் உதவியை நாடி நியூயோர்க்கிலிருந்து கப்பலேறியபோதுதான் அவர் இந்நகருக்கு வந்தார். உடன் வந்த நோர்வேஜிய மாலுமி கிறிஸ்ரென்சன் தூதரகத்துடன் தொடர்புகொண்டார். கேஸ்மன்ற்றைப் பிடிக்க உதவினால் 5,000 பவுண் தருவதாகத் தூதுவர் பின்ட்லே 1915 ஜனவரியில் தம் கைப்பட எழுதிக் கொடுத்தார்.

ஜேர்மனி அவருக்கு ஏமாற்றமே தந்தது. 1916 ஏப்ரலில் ஆயுதங்கள் ஏற்றிய ஜேர்மன் கப்பல் ஒன்று, 'அவுட்' என்ற நோர்வேஜியக் கப்பலின் வேடத்தில் அயர்லாந்து நோக்கிச் சென்றது. அது பிடிபட்டு மூழ்கடிக்கப்பட்டது. நீர்மூழ்கியில் வந்து கெரிக் கரையில் இறங்கிய கேஸ்மன்ற் அன்றே கைதானார். தேசத்துரோகக் குற்றத்துக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. கருணை கோரியோரின் வாயை அடைக்க, ஆண்களுடனான அவரது உறவுகளைக் கூறும் நாட்குறிப்புகளை அதிகாரிகள் மறைவாகப் பரப்பினர். 1916 ஓகஸ்ற் 3ஆம் நாள் இலண்டன் பென்ரன்வில் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். 1965இல்தான் அவரது எச்சங்கள் டப்ளினுக்குத் திரும்பின.

அவரது அரசியல் தெரிவுகளைப் பற்றி இன்றும் வாதிடுவோர் உண்டு. ஆனால் ஓடிவந்தவரின் சொல்லை ஊர், நாள், பெயர், எண்ணிக்கை என்று பதிந்து வைத்தால், மறுப்பவரும் ஒருநாள் அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்பதை அவர் செய்து காட்டினார். நம்மிடையே முதியோர் பலர் தாம் கண்டவற்றை எழுதி வைக்காமலே மறைந்து வருகின்றனர். கிறாண்ட் ஹொட்டேலைக் கடந்து நடக்கையில் அதையும் நாம் நினைத்துக்கொள்வது நல்லது.