பனங்கட்டி விளையும் மண்ணில் இரசாயனத்தைத் தமிழாக்கிய கிறீன்

யாழ்ப்பாணத்துப் பனைத் தொழிலாளி, பாளையில் கட்டும் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுகின்றார். தடவாவிடின் ஊறும் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். தடவினால் கருப்பநீர் கிடைக்கும். அதனைக் காய்ச்சினால் பனங்கட்டி. இதன் காரணத்தை விளக்குவது இரசாயனவியல். அவ்வியலைத் தமிழிலே கற்பிக்கலாம் என்று இதே மண்ணில் நிறுவிய வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனை நாம் மறந்துவிடலாகாது.

1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் பிறந்த கிறீன், 1847இல் மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டில் மானிப்பாயில் வைத்தியப் பணியையும் மருத்துவக் கல்வியையும் ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் பயின்றோர் அரச உத்தியோகம் நாடிச் செல்வதைக் கண்ட அவர், கிராமங்களில் தங்கிப் பணியாற்றும் வைத்தியர்களை உருவாக்க விரும்பினார். ஆகவே 1864 முதல் தமிழிலேயே போதித்தார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

போதிக்க நூல்கள் வேண்டுமே! தமிழ் மாணவர்களின் துணையுடன் அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் ஆகியவற்றை வெளியிட்டார். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் அப்பணி ஓயவில்லை. 1875இல் இரசாயன நூலாகிய கெமிஸ்தம் வெளிவந்தது. பொருத்தமான தமிழ்ச் சொல் கிடைக்காதவிடத்து அயற்சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுத அவர் தயங்கவில்லை என்பதற்கு அந்நூலின் பெயரே சான்று.

நமது துணைக்கண்டத்தின் சர்க்கரை என்ற சொல், பாரசீக, அரபு மொழிகளின் வழியே ஐரோப்பாவைச் சென்றடைந்தது. சர்க்கரையை ஆராயும் இயலோ கிறீன் போன்றோர் வழியே நமது மொழிக்கு வந்தது. கருப்பநீரின் இனிப்பு பெரும்பாலும் சுக்குரோசு ஆகும். குளுக்கோசும் பிரக்ரோசும் இணைந்த இந்த இருசக்கரைட்டில் 12 காபன், 22 ஐதரசன், 11 ஒட்சிசன் அணுக்கள் உள்ளன. கரும்பிலும் பீட் கிழங்கிலும் இருப்பதும் இதுவே. மதுவம் இதனைப் பிளந்து மதுசாரமாக்கும்; சுண்ணாம்பின் காரத்தன்மை அதனைத் தடுக்கின்றது. கெட்டியான சர்க்கரைப் பாகில் கிருமிகள் எளிதில் பெருகா. மருந்துப் பாகும் பழச் சர்பத்தும் கெடாதிருப்பது இதனாலேயே.

1884இல் கிறீன் மறைந்தார். தமிழருக்குரிய வைத்தியராகவே தமது கல்லறையிலும் குறிக்கப்பட வேண்டுமென்பது அவரது விருப்பம். எனினும் தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நிலைக்கவில்லை. பனையேறுவோர் தொகையும் அருகி வருகின்றது. முட்டியில் சுண்ணாம்பு தடவும் கைக்குப் பக்குவம் தெரியும். பாடநூலுக்குக் காரணம் தெரியும். இவ்விரண்டும் நமது பாடசாலைகளில் சந்திக்க வேண்டும். அதற்கான மொழி நம்மிடம் உண்டென்பதை மானிப்பாய் அன்றே காட்டிவிட்டது.