கூரத்தாழ்வானும் நாலூரானும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில், தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்தில் அவதரித்தவர் கூரத்தாழ்வான். ஸ்ரீவத்ஸாங்கர் என்பது அவரது திருநாமம். பெருஞ்செல்வத்தைத் துறந்து, தேவிகளான ஆண்டாளுடன் திருவரங்கம் வந்து எம்பெருமானாரின் திருவடி நிழலில் வாழ்ந்தார். ஸ்ரீபாஷ்யம் உருவாகத் துணை நின்றார். பராசர பட்டரும் வேதவ்யாஸ பட்டரும் இவருடைய திருக்குமாரர்கள்.

உடையவரைச் சோழன் தன் சபைக்கு அழைத்து வர ஆளனுப்பியபோது, ஆழ்வான் காஷாயமும் த்ரிதண்டமும் தரித்துத் தாமே எம்பெருமானாராகப் புறப்பட்டார். உடையவர் வெள்ளை உடுத்தி மேல்நாட்டுக்கு எழுந்தருளினார். சபையில் சைவ மேன்மைக்குக் கையொப்பமிட மறுத்த ஆழ்வான் தம் கண்களைத் தாமே களைந்தார். உடன் சென்ற பெரிய நம்பிகளோ கண்களை இழந்து, திரும்பும் வழியிலேயே பரமபதித்தார். உடையவரின் ஒப்பமே வேண்டும் என்று அரசனுக்கு உரைத்து இத்தனைக்கும் காரணமானவன் நாலூரான் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு.

கே.கே. நகரிலிருந்து காவிரியைக் கடந்து பெரிய பெருமாளைச் சேவிக்கச் செல்லும்போதெல்லாம் ஒரு கேள்வி நம்முள் எழுவதுண்டு. க்ருஹஸ்தர் ஒருவர் ஸந்யாஸி வேடம் பூண்டது தகுமோ? வங்கியில் விதிப்புத்தகத்தைக் கொண்டே சரி, தவறு என்று தீர்த்துப் பழகியவர்கள் நாம். அந்தக் கணக்கில் இது தவறாகவே விழும். ஆனால் ஆழ்வான் அந்த வேடத்தால் தமக்கென்று எதையும் பெறவில்லை. ஆசார்யனைக் காத்து, அதன் விலையைத் தாமே செலுத்தினார்.

அதே ஆழ்வான் பின்பு திருவரங்கத்துக் கோயில் வாசலில் நின்றார். உடையவரைச் சார்ந்தோரை உள்ளே விடலாகாது என்பது கட்டளை. எனினும், இவர் நற்குணமுடையவர், போகட்டும் என்று காவலர் ஒருவர் இசைந்தார். ஆசார்ய ஸம்பந்தத்தை மறைத்துவிட்டுத் தம் குணத்தால் மட்டும் பெறும் ஸேவை தமக்கு வேண்டாம் என்று ஆழ்வான் திரும்பிவிட்டார். திருமாலிருஞ்சோலை சென்று ஸுந்தரபாஹு ஸ்தவம் அருளியது அதன் பின்னரே. ஆசார்யனுக்காக வேடம் பூண்டவர், தமக்காக ஒரு சிறு சலுகையையும் ஏற்கவில்லை.

உடையவர் திரும்பி எழுந்தருளியபின், பேரருளாளனிடம் கண்களை வேண்டிப் பெறுமாறு ஆழ்வானை நியமித்தார். ஆழ்வான் வரதனைத் துதித்தார். ஆனால் அவர் வேண்டியது கண்களை அன்று. தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்பதையே. வரதனும் இசைந்தான்.

நாலூரான் செய்தது குற்றமே. அதனை ஆழ்வான் குற்றமில்லை என்று கூறவில்லை. குற்றத்தைக் குற்றமென்று அறிந்தே, குற்றவாளியைக் கைவிடாமல் நின்றார். நாமோ நம் குறைக்குக் காரணம் தேடுகிறோம். பிறர் குறைக்கு விதியைத் தேடுகிறோம். ஆழ்வானிடம் இது தலைகீழாக இருந்தது. தமக்கு விதியையும் பிறர்க்கு இரக்கத்தையும் வைத்துக்கொண்டார். பிறரைத் தீர்ப்பிட வாய் திறக்கும் முன் நாம் நாலூரானை நினைப்போமாக.

ஆழ்வான் திருவடிகளே சரணம்.