மைக் இல்லாத காலத்து சூப்பர் ஸ்டார்... 27 வயதில் நின்றுபோன செங்கோட்டைக் குரல்!

ஆடித்தபசுக்கோ தீபாவளிக்கோ சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் பிடித்து சங்கரன்கோவில் வந்து இறங்குகிறவரா நீங்கள்? பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தோடு பிளாட்பாரத்தில் நிற்கிறீர்கள். நீங்கள் வந்த ரயில் உங்களை விட்டுவிட்டுக் கிளம்புகிறது. கடையநல்லூர், தென்காசி தாண்டி அது போய் நிற்கும் கடைசி ஊர்தான் செங்கோட்டை. பெட்டியில் எழுதியிருக்கும் அந்தப் பெயரை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். ஒருகாலத்தில் கொழும்பிலிருந்து சென்னை வரைக்கும் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே ஜனங்களுக்கு ஒரு ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். எஸ்.ஜி.கிட்டப்பா.

யார் இவர்னு கேட்டீங்கன்னா, தமிழ் சினிமா பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் இங்கே இருந்த சூப்பர் ஸ்டார். பாடகர், நடிகர், ரெக்கார்டு விற்ற ஆள், அரசியல் மேடைக்காரர்களே பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட முகம். ஆனா அந்த முகம் அசைவதை நீங்களும் நானும் பார்க்கவே முடியாது. அவர் நடித்த ஒரு படம்கூட இல்லை. அவர் ஒரு படத்திலும் நடிக்கவில்லை, அதான் காரணம். காலம் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் கதையே வேற.

1906 ஆகஸ்ட் 25-ல் செங்கோட்டையில் கங்காதர ஐயர் - மீனாட்சி அம்மாள் தம்பதிக்குப் பிறந்தார். வைத்த பெயர் ராமகிருஷ்ணன். கூப்பிட்ட பெயர் கிட்டப்பா. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது; தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956-ல்தான். வீட்டில் பிள்ளைகள் அதிகம், வருமானம் குறைவு. அந்தக் காலத்தில் குரல் இருக்கிற ஏழைப் பையனுக்கு ஒரு வழி இருந்தது: பாய்ஸ் கம்பெனி. அதாவது, சிறுவர்களை வைத்தே முழு நாடகமும் போடும் குழு. ராஜா வேஷமும் பையன்தான், ராணி வேஷமும் பையன்தான். சாப்பாடு, படுக்கை, பாட்டு, வசனம், அடி எல்லாமே கம்பெனியில்தான். இன்றைக்கு கே-பாப் டிரெய்னி வாழ்க்கை பற்றி டாக்குமென்டரி பார்த்துவிட்டு ஐயோ பாவம் என்கிறோம் இல்லையா? கிட்டத்தட்ட அதேதான், நூறு வருஷத்துக்கு முன்னால், மதுரையிலும் கும்பகோணத்திலும் நடந்தது.

அண்ணன்களோடு கிட்டப்பாவும் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் குழுவுக்குப் போனார். முதன்முதலில் மேடை ஏறியபோது அவருக்கு ஆறு வயதுகூட நிரம்பியிருக்காது. பின்பு கன்னையா கம்பெனி. பிரமாண்டமான சீன்களுக்குப் பெயர்போன கம்பெனி அது. அவர்களின் தசாவதாரம் நாடகத்தைப் பார்க்க ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் மோகினி வேஷம் போட்ட பையன் வாயைத் திறந்ததும், சீனைப் பார்க்க வந்த கூட்டம் பாட்டைக் கேட்க ஆரம்பித்தது.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால்தான் கிட்டப்பா புரிவார். அப்போது மைக் கிடையாது. ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் கொட்டகையில், கடைசித் தரை டிக்கெட்காரர் காதிலும் பாட்டு விழணும். விடிய விடிய விழணும். அதனால் நாடகக்காரர்கள் சுருதியை உயர்த்தி வைத்துப் பாடினார்கள். ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையில் சுருதி வைக்கிறாய் என்பதுதான் அவர்களுக்குள் போட்டி. அந்த உச்சத்தில் நின்று பாடவே பலருக்கு மூச்சு வாங்கும். கிட்டப்பா அங்கே நின்றுகொண்டு பிருகாக்களைப் பொரிந்து தள்ளுவார். அதுவும் யாரோ துரத்துகிற மாதிரி வேகமாக, ஆனால் ஒரு ஸ்வரம்கூடக் கலங்காமல். பெரிய வித்வானிடம் வருஷக்கணக்கில் குருகுலவாசம் இருந்து படித்தவர் இல்லை. கேட்டுக் கேட்டு வந்த ஞானம். பக்கத்தில் அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிப்பார். தியாகராஜரின் எவரனி கீர்த்தனையைக் கச்சேரிப் பக்கமே போகாத ஜனங்கள் வாயில் புழங்க வைத்ததில் கிட்டப்பாவுக்குப் பெரிய பங்கு உண்டு. கர்நாடக சங்கீதம் சபாவுக்குள் மட்டும்தான் இருந்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால், இதைச் சொல்லுங்கள்.

இப்போது கதைக்குள் இன்னொரு குரல் வருகிறது. கொடுமுடியில் 1908-ல் பிறந்த ஒரு பெண். வறுமை. ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி. அந்தப் பாட்டைக் கேட்ட ஒரு பெரிய மனிதர்தான் நாடகத்துக்கு அழைத்துப் போனார் என்று சொல்வார்கள். அவர்தான் கே.பி.சுந்தராம்பாள். இலங்கையில் நாடகம் போட்டு அங்கே கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். 1926 வாக்கில் கிட்டப்பாவும் கப்பல் ஏறினார். இருவரும் சேர்ந்து வள்ளி திருமணம் போட்டால் எப்படி இருக்கும்? ரசிகர்களுக்கு ஆசை. வேண்டாதவர்களுக்கோ வேறு ஆசை. யாராவது ஒருத்தர் மேடையில் தோற்றுப்போவார் என்று.

வள்ளி திருமணம் மாதிரியான ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை எல்லாம் பெரிதாக இருக்காது. முருகனும் வள்ளியும் மேடையிலேயே தர்க்கம் செய்வார்கள். ஒருவர் பாட்டில் கேள்வி போட, மற்றவர் பாட்டிலேயே மடக்கணும். இன்றைய ராப் பேட்டில் பார்த்திருந்தால் உங்களுக்குப் பழகிய விஷயம்தான். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் மோதினார்கள். யாரும் தோற்கவில்லை. இருவரும் காதலில் விழுந்தார்கள்.

இதை ஒரு அழகான லவ் ஸ்டோரியாக எழுதிவிட்டுப் போய்விடலாம். பலபேர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கிட்டப்பாவுக்கு 1924-லேயே கல்யாணம் ஆகிவிட்டது. மனைவி பெயர் கிட்டம்மாள். மேடை ஜோடியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் அவருக்கு ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். செங்கோட்டையில் அந்த வீட்டில் அவர் என்ன நினைத்திருப்பார்? யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை என்பதே எனக்கு உறுத்துகிறது.

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் 1927-ல் திருமணம் செய்துகொண்டார்கள். ஜாதி வேறு, ஊர் வேறு, முதல் மனைவி வேறு இருக்கிறார். பேசுவதற்கு ஊருக்கு நிறைய கிடைத்தது. ஆனால் ராத்திரியானால் அதே ஊர் டிக்கெட் வாங்கிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது. கதர் கட்டினார்கள், காங்கிரஸுக்காகப் பாடினார்கள். சத்தியமூர்த்தி போன்ற தலைவர்கள் இவர்களின் நண்பர்கள். கிராமபோன் ரெக்கார்டுகள் வேறு வந்தன. ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான். விடிய விடிய பாடியவரை அந்த மூணு நிமிஷத்துக்குள் அடைத்தார்கள். நமக்கு மிச்சம் கிடைத்தது அந்த மூணு நிமிஷங்கள் மட்டும்தான்.

வீட்டுக்குள் நிலைமை சரியாக இல்லை. சுந்தராம்பாளுக்குப் பிறந்த குழந்தை சில நாட்களிலேயே இறந்துபோனது. கிட்டப்பா விலகிப் போனார், வந்தார், மறுபடி விலகினார். சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன. கோபம், கெஞ்சல், கணக்கு, கவலை எல்லாம் கலந்த கடிதங்கள். சீன் காட்டிவிட்டுப் பதில் போடாத ஆளுக்கு மெசேஜ் அனுப்பிக் காத்திருந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், அவற்றைப் படிப்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

குடி சேர்ந்துகொண்டது. இருபதுகளின் நடுவிலேயே அவருடைய உடம்பு கெட ஆரம்பித்தது. வயிற்று நோய். சிகிச்சை எடுத்தார், கொஞ்சம் தேறினார், மறுபடி மேடை ஏறினார். பாட்டை நிறுத்தினால் வருமானம் நிற்கும், அவரை நம்பி ஒரு பெரிய குடும்பமே இருந்தது. 1933 டிசம்பர் 2-ல் இறந்தார். வயது 27. ஜிமி ஹென்ட்ரிக்ஸ், கர்ட் கோபேன், ஏமி வைன்ஹவுஸ் என்று 27 வயதில் போன பாடகர்களை வரிசைப்படுத்தி ரீல்ஸ் போடுகிறார்களே, அவர்கள் யாரும் பிறப்பதற்கு முன்பே நம்ம ஊர்க்காரர் அந்த லிஸ்டில் சேர்ந்துவிட்டார். பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை, சும்மா சொல்கிறேன்.

இதில் கொடுமை என்னவென்றால், முதல் தமிழ் பேசும் படமான காளிதாஸ் 1931-லேயே வந்துவிட்டது. கிட்டப்பா போன அடுத்த வருஷமே, 1934-ல், பவளக்கொடி வந்தது. எம்.கே.தியாகராஜ பாகவதர் என்ற நாடகப் பாடகரை அந்தப் படம் ஸ்டார் ஆக்கியது. உச்ச சுருதியில் பாடும் அழகான ஹீரோ என்ற நாற்காலியில் பாகவதர் உட்கார்ந்தார். அந்த நாற்காலியைச் செய்தது கிட்டப்பா. பின்னால் 1945-ல் ஸ்ரீவள்ளி படத்தில் டி.ஆர்.மகாலிங்கம் முருகனாக வந்து பாடியபோது, வயதானவர்கள் கிட்டப்பாவைத்தான் நினைத்தார்கள்.

சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. நகைகளைக் கழற்றினார், வெள்ளைக் கதர்ப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். நந்தனார் படத்துக்குக் கூப்பிட்டபோது, ஆளைத் துரத்துவதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் கேட்டதாகச் சொல்வார்கள். அவர்கள் சரி என்றுவிட்டார்கள்! 1930-களில் ஒரு லட்சம்! அந்தப் படத்திலும் அவர் ஹீரோயின் இல்லை, நந்தனார் வேஷமே அவருடையதுதான். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். பின்பு ஔவையார், பூம்புகாரில் கவுந்தியடிகள், திருவிளையாடலில் மறுபடி ஔவை. உங்க பாட்டிக்குத் தெரிந்த, உங்களுக்கும் மீம்ஸில் தெரிந்த அந்தத் திருநீற்று முகத்துப் பாட்டியம்மா, ஒருகாலத்தில் கொழும்பு மேடையில் கிட்டப்பாவை மடக்கிய வள்ளி. 1980-ல் அவர் இறக்கும் வரைக்கும் அந்த வெள்ளைப் புடவை மாறவில்லை. கிட்டப்பாவோடு வாழ்ந்தது ஆறேழு வருஷம், அதிலும் பாதி சண்டை. அவருக்காக வெள்ளை உடுத்தியது 46 வருஷம்.

அடுத்த முறை சங்கரன்கோவிலில் இறங்குவதற்கு ஒரு ஸ்டேஷன் முன்னால், ராஜபாளையம் தாண்டியதும், இயர்போனை மாட்டி யூடியூபில் கிட்டப்பா என்று தேடுங்கள். காயாத கானகத்தே கிடைக்கும். ஊசி கீறும் இரைச்சல் முதலில் வரும். ஸ்கிப் பண்ணாதீங்க. கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் வரும், பெண் குரலோ என்று ஒரு நொடி திரையைப் பார்ப்பீர்கள். பெண் இல்லை, இருபது சொச்சம் வயதுப் பையன். மூணு நிமிஷம்தான். ரயில் ஊருக்குள் நுழைவதற்குள் முடிந்துவிடும்.