கூடைப்பந்தாட்டத்தின் தந்தை ஜேம்ஸ் நெய்ஸ்மித்

விழா மலர்களிற் சமயப் பெரியார், புலவர், கல்லூரித் தாபகர் ஆகியோரின் வரலாறுகள் இடம்பெறுதல் மரபு. அம்மரபினின்றும் விலகி, கடல் கடந்த நாட்டவர் ஒருவரின், அதுவும் ஒரு விளையாட்டைத் தோற்றுவித்தவரின் வரலாற்றைத் தமிழாசிரியராகிய நாம் எழுத முற்பட்டது பற்றி அன்பர் சிலர் வியப்புறக்கூடும். காரணம் உண்டு. பழைய மாணவர் சங்கத்தின் சென்ற கூட்டத்தில் ஒரு யோசனை கூறப்பட்டது. விழா நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு, வெளியூர்ப் பாடசாலைகளிலிருந்து உயரமும் திறமையும் வாய்ந்த ஆட்டக்காரர் சிலரை வரவழைத்து, விடுதியும் உணவும் புலமைப்பரிசிலும் அளித்து, நமது கூடைப்பந்துக் குழுவை மேனிலைக்குக் கொணரவேண்டும் என்பதே அது. கூறியவர் கல்லூரியின்பால் மெய்யன்புடையவர், அதில் ஐயமில்லை. யோசனை இன்னும் முடிவாகவில்லை. அதனைச் சீர்தூக்குதற்கு அவ்விளையாட்டைப் படைத்தவரின் வாழ்க்கை நல்ல துணையாகும் எனக் கண்டோம்.

கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்தில், அல்மொன்ற் என்னும் சிற்றூருக்கு அணித்தே, 1861ஆம் ஆண்டு நவம்பர் 6ஆந் திகதி ஜேம்ஸ் நெய்ஸ்மித் பிறந்தார். ஒன்பது வயதளவில் தந்தையையும் தாயையும் நெருப்புக் காய்ச்சலுக்குச் சில வார இடைவெளியிற் பறிகொடுத்தார். மாமன் ஒருவரே அவரை வளர்த்தார். பதினைந்து வயதிற் படிப்பைக் கைவிட்டுக் காட்டில் மரந் தறிக்கும் கூட்டத்தாருடன் சேர்ந்து உழைத்தார். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து, தம்மினும் மிக இளைய பிள்ளைகளுடன் ஒரே வாங்கில் அமர்வதற்கு நாணாது மீண்டும் பள்ளி புகுந்தார். 1883இல் மொன்றியல் நகரிலுள்ள மக்கில் சர்வகலாசாலையிற் சேர்ந்து பட்டம் பெற்றார். பின்னர் இறையியலும் கற்றார். விளையாட்டு வீணர் தொழில் என்று அக்காலத்துச் சமயவாதிகள் பலர் எண்ணினர். நெய்ஸ்மித்தோ பிரசங்க மேடையினும் விளையாட்டுத் திடலிலே இளைஞரின் ஒழுக்கத்தை எளிதிற் செப்பஞ் செய்யலாம் எனத் துணிந்தார். 1890இல் ஐக்கிய அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் இருந்த கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிக் கல்லூரியை அடைந்தார்.

கூடைப்பந்து பிறந்த வரலாற்றைச் சற்று விரித்துக் கூறுவோம். 1891ஆம் ஆண்டின் குளிர்காலம். வெளியே பனி, உள்ளே பதினெட்டு மாணவர். இயந்திரம்போற் கையையும் காலையும் அசைக்கும் தேகாப்பியாசம் அவர்களுக்குக் கசந்துவிட்டது. முன்னர் அவ்வகுப்பை ஏற்ற ஆசிரியர் இருவர் இயலாதென்று கைவிட்டனர். கல்லூரியின் உடற்பயிற்சித் தலைவர் லூதர் கியூலிக் என்பார், உள்ளரங்கில் ஆடத்தக்க புதிய விளையாட்டொன்றை இரண்டு வாரங்களிற் படைத்துத் தருமாறு நெய்ஸ்மித்தைப் பணித்தார். தெரிந்த விளையாட்டுக்களை எல்லாம் அவர் அறைக்குள் ஆட வைத்துப் பார்த்தார். கைகால் முறிந்ததே மிச்சம் என்னும் நிலை. அப்போது சிறுவயதில் ஊரில் ஆடிய கல்லெறி விளையாட்டு நினைவுக்கு வந்தது. பாறை மேல் வைத்த கல்லை வேறொரு கல்லால் எறிந்து வீழ்த்துவது அது. வேகமாக எறிந்த கல் குறி தவறின் நெடுந்தூரம் ஓடும். வளைத்து மெல்ல எறிந்ததே பெரும்பாலும் பயன் தரும். எனவே இலக்கைத் தலைக்கு மேலே கிடையாக வைத்தால் வலிமைக்கு வேலை குறைந்து நிதானத்துக்கு வேலை கூடும் என்று கண்டார். பந்தை ஏந்திக்கொண்டு ஓடலாகாது என்ற விதியால் முட்டி மோதுதலும் அடங்கியது. கல்லூரிக் காவலாளி தேடிக் கொணர்ந்த பீச்சுப் பழக் கூடைகள் இரண்டு, பத்தடி உயரத்தில் மாடத்தின் விளிம்பில் அறையப்பட்டன. பதின்மூன்று விதிகள் எழுதப்பட்டன. டிசம்பர் 21ஆந் திகதி, பக்கத்துக்கு ஒன்பதின்மராக முதல் ஆட்டம் நடந்தது. ஒன்றுக்குப் பூச்சியம் என முடிந்தது.

அன்பர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பதினெண்மரும் நெய்ஸ்மித் தேர்ந்தெடுத்தவரல்லர். அவர் தலையிற் கட்டப்பட்டவர். நெட்டையரும் குட்டையரும் சோம்பரும் முரடரும் அவ்வகுப்பில் இருந்தனர். வாய்த்த மாணவரை வைத்து என் செய்யலாம் என்ற கேள்விக்கு விடையாகவே இவ்விளையாட்டுப் பிறந்தது.

பயிற்சி முடித்த மாணவர் சென்ற நாடுகளுக்கெல்லாம் விளையாட்டும் உடன் சென்றது. அக்கல்லூரியிற் பயின்ற ஹரி குரோ பக் என்பார் 1920இல் சென்னையில் ஓர் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார்; அது பின்னர் சைதாப்பேட்டையில் நிலைபெற்றது. இலங்கை ஆசிரியர் பலரும் அங்குச் சென்று பயின்று மீண்டனர். உப்பளக் காற்று வீசும் நம் புத்தளக் கரையின் சிறுவன் ஒருவன் இன்று வளையத்தை நோக்கிப் பந்தை எறிகின்றான் எனில், அவனுக்குப் பின்னே இத்தகைய நீண்ட ஆசிரிய பரம்பரை ஒன்று நிற்கின்றது.

நிற்க. நெய்ஸ்மித் 1895இல் டென்வர் நகருக்குச் சென்று, பணியாற்றிக்கொண்டே வைத்தியம் பயின்று 1898இல் வைத்தியப் பட்டமும் பெற்றார். அவ்வாண்டே லாரன்ஸ் நகரிலுள்ள கன்சாஸ் சர்வகலாசாலையில் வழிபாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் பொறுப்பாளராக அமர்ந்தார். குழுவொன்றும் அமைத்தார். 1899இல் நிகழ்ந்த முதல் ஆட்டத்தில் அக்குழு 16க்கு 5 என்ற கணக்கில் தோற்றது. 1907 வரை அவர் பொறுப்பில் நடந்த ஆட்டங்களில் வெற்றி 55, தோல்வி 60. அச்சர்வகலாசாலையின் கூடைப்பந்துப் பயிற்றாளர் வரிசையில், வென்றவற்றினும் தோற்றவை மிகுதியாக உடையவர் விளையாட்டைப் படைத்த அவர் ஒருவரே! இதனை நகைப்புக்குரியதாகக் கூறுவோர் உளர். அவர் ஆட்டக்காரரைத் தேடி ஊர் ஊராக அலையவில்லை. கூடைப்பந்து ஆடுதற்குரியது, பயிற்றுதற்குரியதன்று என்பதே அவர் கொள்கை. சில ஆட்டங்களில் மத்தியஸ்தராகவும் தாமே நின்றார். இக்கொள்கை முழுதும் சரியென்று நாம் கூறமாட்டோம். பயிற்சியின் அருமையை உணராமை அவரிடத்து ஒரு குறையே.

அக்குறையை நிரப்பினார் அவர் மாணவர் பொக் அலன். ஆசிரியர் தடுத்துரைத்தும் பயிற்றாளர் தொழிலையே கைக்கொண்டு, இடையீட்டுடன் 1956 வரை கன்சாஸ் குழுவை நடத்தினார். 1952இல் அக்குழு தேசிய வாகை சூடியது. அலனிடம் ஆடிய அடொல்ப் ரப், டீன் சிமித் ஆகியோர் பிற்காலத்தில் அந்நாட்டின் தலைசிறந்த பயிற்றாளராயினர்.

இனி, நம் யோசனைக்கு நேரே தொடர்புடைய நிகழ்ச்சிக்கு வருவோம். 1955இல் பிலடெல்பியா நகரின் வில்ற் சேம்பர்லெயின் என்னும் ஏழடிக்கு மேற்பட்ட இளைஞரைத் தம்பால் இழுத்துக்கொள்ள நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகள் போட்டியிட்டன. வென்றவர் அலன். இனிப் பல்லாண்டு கிண்ணம் கன்சாசுக்கே என்று ஊரார் எண்ணினர். நடந்ததோ வேறு. முதலாண்டு மாணவர் பெருங்குழுவில் ஆடலாகாது என்பது அக்கால விதி. அவ்வாண்டு முடிந்ததும், எழுபது வயதாகிவிட்டதென்று அலன் ஓய்வு பெறுமாறு கட்டாயப்படுத்தப்பட்டார். 1957 மார்ச் 23இல் கன்சாஸ் சிற்றி நகர மண்டபத்தில் இறுதி ஆட்டம். வட கரோலினாக் குழுவினர் சேம்பர்லெயினைப் பலராகச் சூழ்ந்து நின்று தடுத்தனர். மூன்று முறை நேரம் நீட்டியபின் 54க்கு 53 என ஒரே புள்ளியாற் கன்சாஸ் தோற்றது. போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் மட்டும் தோற்ற குழுவின் சேம்பர்லெயினுக்கு! அடுத்த ஆண்டு அக்குழு தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. 1958இல் அவர் பணத்துக்காடும் குழுவொன்றிற் சேர்ந்துவிட்டார். அவர் நீங்கிய மறு பருவத்திற் கன்சாஸ் 11 ஆட்டங்களில் வென்று 14இல் தோற்றது. மீண்டும் தேசிய வாகை சூட 1988 வரை காத்திருந்தது.

உடப்புக் கரையிற் கரைவலை இழுப்பதைக் கண்டவர்க்கு இது புதிதன்று. இரு கயிற்றிலும் நிற்போர் அம்பா பாடி ஒரு சீராக இழுக்கையில் மடி கரையேறும். ஒரு புறத்தில் மட்டும் வல்லவன் நின்று முந்தி இழுப்பின் வலை கோணும். மீன் மறுபுறத்தால் வெளியேறும்.

வென்ற வட கரோலினாவின் கதையும் கேட்கத்தக்கது. அக்குழுவின் ஐவரும் நியூயோர்க்குப் பகுதியிலிருந்து திரட்டப்பட்டவர்களே. ஆயின் ஆட்சேர்ப்பு விதிகளை மீறிய குற்றத்துக்காக 1961இல் அச்சர்வகலாசாலை தண்டிக்கப்பட்டது, பயிற்றாளர் விலகினார். அப்பொறுப்பு அலனின் மாணவராகிய டீன் சிமித்தை அடைந்தது. அவர் 1997 வரை, முப்பத்தாறு ஆண்டுகள், அங்கேயே இருந்தார். மைக்கல் ஜோர்டன் 1981இல் அவரிடம் வந்து மூன்றாண்டு ஆடிச் சென்றார். 1982இல் வாகையும் கிட்டியது. ஆனால் 1975 முதல் 1997 வரை ஓராண்டும் தவறாது அக்குழு தேசியப் போட்டிக்குச் சென்றது. ஜோர்டன் வருமுன்னும் சென்றது, போனபின்னும் சென்றது. வல்லவர் வருகை பயனற்றது என்று நாம் வாதிடவில்லை. வந்தவரைத் தாங்கும் அத்திவாரம் முன்னமே இடப்பட்டிருத்தல் வேண்டும் என்கிறோம்.

நம் சொந்த அனுபவம் ஒன்றையும் மறைக்காது கூறுவோம். பயிற்சிக் கலாசாலையை விட்டு வெளியேறிய புதிதில் நாம் கடமையாற்றிய பாடசாலையொன்றில் — பெயர் வேண்டா — வெளியூர் மாணவர் நால்வரைக் கொணர்ந்து கரப்பந்துக் குழு அமைத்தனர். கிண்ணம் வந்தது, ஊர்வலம் நடந்தது. அப்பெரும் புகழ் என்றும் வாடாது என வாழ்த்துப்பா எழுதியவர் நாமே. மறு ஆண்டு நால்வரும் படிப்பு முடிந்து போயினர். அவர்கள் ஆடியபோது எல்லைக்கோட்டில் நின்று பந்து பொறுக்கிக் கொடுத்த உள்ளூர்ப் பிள்ளைகள் ஆடக் கற்கவேயில்லை. மூன்றாம் ஆண்டில் அக்கரப்பந்துக் கம்பங்களுக்கிடையே விடுதிப் பிள்ளைகளின் சாரங்கள் உலர்ந்தன. அவ்வாழ்த்துப்பாவின் படி இன்றும் நம்மிடம் உண்டு, எவர்க்கும் காட்டுவதில்லை.

ஆதலின் நாம் கூறுவது இது. முந்தலிலிருந்தோ கற்பிட்டியிலிருந்தோ ஒரு பிள்ளை தானாக நம்மை நாடி வரின் விடுதிக் கதவு திறந்திருக்கட்டும். ஆயினும் நிதியின் முதற் பணம், பத்தாண்டு நிலைத்திருக்கக்கூடிய ஒரு பயிற்றாளருக்கும், ஆறாம் வகுப்புச் சிறுவர் எட்டத்தக்க தாழ்ந்த வளையங்கள் இரண்டுக்கும் செல்லட்டும். சங்கத்தார் ஆராய்வார்களாக.

நெய்ஸ்மித்தின் கடைசி மாணவருள் ஒருவரைப் பற்றிச் சொல்லாது விடலாகாது. 1933இல் ஜோன் மக்லெண்டன் என்னும் கறுப்பின இளைஞர் கன்சாசுக்கு வந்தார். நிறங் காரணமாகச் சர்வகலாசாலைக் குழுவில் ஆட அவருக்கு இடமில்லை. முதியவரான நெய்ஸ்மித் அவரைத் தம் மாணவராக ஏற்று, விளையாட்டின் நுட்பங்களைக் கற்பித்தார். 1936இற் பட்டம் பெற்று வெளியேறிய மக்லெண்டன், கறுப்பினத்தவர் கல்லூரிகளிற் பயிற்றாளராகி, டெனசி மாநிலக் கல்லூரிக் குழுவைச் சிறு கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் 1957, 1958, 1959 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வாகை சூட வைத்தார். அவற்றுள் முதலாவது வெற்றி, சேம்பர்லெயினின் கன்சாஸ் தோற்ற அதே மார்ச் மாதத்தில், அதே மண்டபத்திற் கிட்டியது. நாடெல்லாம் தேடிக் கொணர்ந்தவரால் எய்தாத வெற்றியை, தன் வாயிலிலேயே நின்றும் ஆட்டக்களத்துக்குள் விடப்படாதவர் எய்தினார்.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்கிற் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய விளையாட்டாயிற்று. நெய்ஸ்மித்திடம் பயணத்துக்குப் பணமில்லை. தாம் படைத்த விளையாட்டுக்கு உரிமைப் பதிவு எதுவும் அவர் செய்து வைத்ததில்லை. அமெரிக்கப் பயிற்றாளர் சங்கத்தார் நிதி திரட்டி அவரை அனுப்பினர். மழையில் நனைந்த திறந்த வெளிக் களத்தில், அவர் பிறந்த கனடாவும் அவர் வாழ்ந்த அமெரிக்காவும் இறுதி ஆட்டத்தில் மோதின. அமெரிக்கா 19க்கு 8 என வென்றது. அடுத்த ஆண்டு மனைவியார் மோட் அம்மையார் காலமானார். அவ்வாண்டே அவரும் ஓய்வு பெற்றார். 1939 நவம்பர் 28ஆந் திகதி, எழுபத்தெட்டாம் வயதில், லாரன்ஸ் நகரில் அவர் வாழ்வு முடிந்தது.

இன்று அச்சர்வகலாசாலையின் பெருமண்டபத்துக்கு அலனின் பெயர். அம்மண்டபத்துள் ஆடுகளத்துக்கு நெய்ஸ்மித்தின் பெயர். 1891இல் அவர் வகுத்த பதின்மூன்று விதிகளின் மூலப் படி, தட்டச்சிட்ட இரண்டு தாள்கள், 2010இல் ஏலத்துக்கு வந்து நாற்பத்து மூன்று இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயின. அவற்றை வாங்கி லாரன்சுக்கு அளித்தவர் அச்சர்வகலாசாலையின் பழைய மாணவர் ஒருவர்.