வெள்ளி இழை கட்டிய இளைஞர்

பறவை ஓவியர் என்றதும் உலகம் நினைவுகூரும் பெயர் ஜான் ஜேம்ஸ் ஆடுபான். நம்மைப் போன்ற மாணவப் பருவத்தில், அந்நிய நாட்டுச் சிற்றூர்ப் பண்ணை ஒன்றில்தான் அவரது பறவை ஆராய்ச்சி வேர் பிடித்தது.

இன்று ஹெய்ட்டி என வழங்கும் நாட்டில் 1785-ஆம் ஆண்டு பிறந்த அவர், பிரான்சில் வளர்ந்தார். நெப்போலியனின் படையில் மகன் சேர்க்கப்படுவதைத் தவிர்க்க விரும்பிய தந்தை, 1803-இல் அவரை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார். பிலடெல்பியாவுக்கு அருகே, பெர்க்கியோமன் ஓடைக்கரையில், தந்தைக்கு 'மில் குரோவ்' என்ற பண்ணை இருந்தது. பண்ணையின் வரவு செலவைவிடப் பறவைக் கூடுகளே இளைஞரின் உள்ளத்தைக் கவர்ந்தன.

ஓடையோரக் குகையொன்றில் ஃபீபி என்னும் ஈப்பிடிக்கும் சிறு பறவைகள் கூடு கட்டியிருந்தன. அவர் நாள்தோறும் சென்று அமைதியாக அமர்ந்திருக்கவே, அவை அச்சம் நீங்கின. குளிர்காலத்தில் தெற்கே போகும் இப்பறவைகள் பிறந்த இடத்துக்கே மீளுமா? இதை அறியக் குஞ்சுகளின் கால்களில் நூல் கட்டினார், அது நிலைக்கவில்லை. பிறகு மெல்லிய வெள்ளி இழையை, கால் நோகாதபடி கட்டினார். மறு ஆண்டு வசந்தத்தில் இழையுடன் இரு பறவைகளைக் கண்டதாகப் பிற்காலத்தில் எழுதினார்.

அமெரிக்காவில் பறவைகளுக்கு அடையாளமிட்ட முதல் ஆய்வு இதுவே என்று நூல்கள் பல போற்றின. ஆனால் 1805-ஆம் ஆண்டு வசந்தத்தில் அவர் அமெரிக்காவிலேயே இல்லை. பிரான்சுக்குச் சென்று 1806-இல்தான் திரும்பினார் எனப் பழைய ஆவணங்கள் காட்டுகின்றன. எனவே அக்கூற்றை ஆய்வாளர்கள் இன்று ஐயுறுகின்றனர்.

வாணிகத்தில் நொடித்து, 1819-இல் கடனுக்காகச் சிறை சென்றார். பண்ணையின் அண்டை வீட்டில் கண்டு மணந்த லூசி, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். 1827 முதல் 1838 வரை, பறவைகளை அவற்றின் இயல்பான அளவிலேயே காட்டும் 435 ஓவியத் தகடுகள் வெளிவந்தன. அடிமைகளை வாங்கி விற்றவர் என்பது அவர் வாழ்வின் அழியாத கறை. 1851-இல் அவர் மறைந்தார்.

நண்பர்களே! குகை வாயிலில் காத்திருந்த அந்தப் பொறுமை நமக்கு வேண்டும். அதனோடு, கண்டதை அன்றே நாளிட்டுக் குறிக்கும் நேர்மையும் வேண்டும். காணாததைக் கண்டதாக எழுதினால், கண்ட உண்மையையும் உலகம் நம்பத் தயங்கும்.