குமார துலீப்சிங்ஜி

துலீப் கோப்பை என்னும் பெயரை நம் காலனி இளைஞர் யாவரும் அறிவர். அப்பெயருக்கு உரிய பெருமகனாரின் வரலாற்றையும் அவர்கள் அறிந்திருத்தல் நலம்.

குமார துலீப்சிங்ஜி 1905ஆம் ஆண்டு கத்தியவாரில் பிறந்தார். நவாநகர் மன்னராய் விளங்கிய ஆட்டப் பேரரசர் ரஞ்சித்சிங்ஜியின் சகோதரர் மகன் இவர். இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் பயின்றார். ரஞ்சி ஆடிய சசெக்ஸ் கவுண்டி அணியிலேயே தாமும் சேர்ந்தார். 1927இல் நுரையீரல் நோய் அவரைக் களத்தினின்றும் அகற்றியது. ஆயினும் அவர் மீண்டு வந்தார்.

1930ஆம் ஆண்டு மே மாதம், ஹோவ் மைதானத்தில் நார்தாம்டன்ஷயருக்கு எதிராக ஒரே நாளில் 333 ஓட்டங்கள் எடுத்தார். சசெக்ஸ் அணியில் ரஞ்சி நிறுவியிருந்த 285 என்னும் எல்லை அன்று கடக்கப்பட்டது. அவ்வாண்டே லார்ட்ஸ் மைதானத்தில், ஆஸ்திரேலியருக்கு எதிரான தம் முதல் டெஸ்டில் 173 எடுத்தார்.

எனினும் அவர் பெருமையை உணர்த்துவது 1932ஆம் ஆண்டுப் பருவமேயாகும். அவ்வாண்டு சசெக்ஸ் அணியின் தலைமை அவரிடம் இருந்தது. கவுண்டி ஆட்டம் எளிதன்று. மே முதல் ஆகஸ்டு வரை ஊர் ஊராகப் பயணம். மூன்று மூன்று நாள் ஆட்டம். குளிரும் மழையும் வேறு. பழைய நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது. அவரோ ஓய்வை நாடாது அணியை நடத்தினார். வெற்றிமேல் வெற்றி பெற்ற சசெக்ஸ், யார்க்ஷயரோடு முதலிடத்துக்குப் போட்டியிட்டது. ஆகஸ்டில் உடல் முற்றிலும் தளர, மருத்துவர் அவரைத் தடுத்துவிட்டனர். சசெக்ஸ் இரண்டாமிடம் எய்தியது. ஆஸ்திரேலியா செல்லத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தும் அவர் விலக நேர்ந்தது. இருபத்தேழாம் வயதிலேயே அவர்தம் ஆட்ட வாழ்வு முடிந்தது. பன்னிரண்டே டெஸ்டுகளில் அவர் ஈட்டியவை 995 ஓட்டங்கள்.

களம் மூடப்பட்டதெனினும் கடமை மூடப்படவில்லை. நாடு விடுதலை பெற்றபின், 1950இல், அதே ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவின் ஹை கமிஷனராகச் சென்றார். 1959 டிசம்பரில் பம்பாயில் மறைந்தார். 1961இல் அவர் பெயரால் கோப்பை தொடங்கப்பெற்றது.

சசெக்ஸ் முதன்முறையாகக் கவுண்டிப் பட்டம் வென்றது 2003ஆம் ஆண்டில்தான். அப்பட்டத்தை உறுதி செய்த ஆட்டத்திலேயே மர்ரே குட்வின் என்பார் 335 எடுத்தார். எழுபத்துமூன்று ஆண்டுகள் நின்ற 333 அன்றுதான் பின்தங்கியது.

பிறந்த மண்ணைவிட்டு நெடுந்தொலைவில், தம்மை ஏற்ற அணிக்கு உடல் இயன்ற மட்டும் உழைத்தவர் துலீப். கடல் கடந்து இத்தீவில் வாழும் நம் பிள்ளைகள், மட்டையைக் கையில் எடுக்கும்போது இவரையும் நினைவார்களாக!