எண்ணெயை நம்பிச் சுழன்ற என்ஜின்: ஃபெலிக்ஸ் வாங்கெலின் வாழ்க்கை

மேலும் கீழும் இயங்கும் பிஸ்டன் இல்லாமலே கார் ஓடும் என்பதற்கு வழிகாட்டிய ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கெல், 1902 ஆகஸ்ட் 13-ஆம் தேதி லார் நகரில் பிறந்தார். முதல் உலகப் போரில் தந்தையை இழந்த அவருக்குப் பல்கலைக்கழகப் படிப்பு வாய்க்கவில்லை. ஓட்டுநர் உரிமமும் அவர் பெற்றதில்லை.

ஹைடெல்பெர்க் நகரில் ஒரு பதிப்பகத்தில் வேலை பார்த்தவர், 1924-இல் சொந்தப் பட்டறை அமைத்தார். 1929-இல் சுழல் என்ஜினுக்கான முதல் காப்புரிமையைப் பெற்றார். நாஜிக் கட்சியில் சேர்ந்து, பின்னர் அதன் வட்டாரத் தலைவருடன் மோதியதால் 1933-இல் சில மாதங்கள் சிறையிலிருந்தார். ஆயினும் போர்க்காலத்தில் அதே அரசுக்காக விமான என்ஜின் ஆய்வில் ஈடுபட்டார். 1945-இல் பிரெஞ்சுப் படையினர் அவரது பட்டறையைக் கலைத்து, அவரையும் சிறையிலடைத்தனர்.

1951-இல் என்.எஸ்.யூ. நிறுவனத்துடன் ஒப்பந்தமானது. 1957 பிப்ரவரி 1-ஆம் தேதி அவரது என்ஜின் முதன்முறையாக இயங்கியது. அதில் வெளிக்கூடும் சேர்ந்து சுழன்றது. கூட்டை நிலையாக வைத்து, முக்கோணச் சுழலியை மட்டும் சுழலவிடும் எளிய வடிவத்தை அந்நிறுவனப் பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே உருவாக்கினார். தயாரிப்புக்கு வந்தது அதுவே.

இவ்வகை என்ஜினின் ஆயுள் எண்ணெயைச் சார்ந்தது. தண்டின் உட்துளை வழியே செல்லும் எண்ணெய், உள்ளீடற்ற சுழலிக்குள் பாய்ந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்புகிறது. சுழலியின் மூன்று முனைகளிலுள்ள சீல்கள் கூட்டின் சுவரை ஓயாமல் உரசுவதால், அளவு பம்பு மூலம் சிறிது எண்ணெய் எரியறைக்கும் அனுப்பப்படுகிறது. அது எரிந்து தீர்ந்துவிடும். குறைந்தால் சீல் தேயும். மிகுந்தால் புகை கிளம்பும்.

1967-இல் வெளிவந்த ஆர்.ஓ. 80 காரில் சீல்கள் விரைவிலேயே தேய்ந்தன. உத்தரவாதத்தின்படி என்ஜின்களை மாற்றித் தந்ததில் என்.எஸ்.யூ. நலிந்தது, 1969-இல் வோக்ஸ்வாகன் குழுமத்தில் இணைந்தது. உரிமம் பெற்றிருந்த ஜப்பானின் மாஸ்டா நிறுவனத்தில், கெனிச்சி யமமோட்டோ தலைமையிலான பொறியாளர்கள் கார்பனும் அலுமினியமும் கலந்த முனை சீல்களை உருவாக்கினர். சுழலியின் பக்கவாட்டில் கசிந்த எண்ணெயையும் கட்டுப்படுத்தினர். 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது.

1969-இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வாங்கெலுக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. 1988 அக்டோபர் 9-ஆம் தேதி, 86-ஆவது வயதில் ஹைடெல்பெர்கில் காலமானார்.

மூன்றாண்டுகள் கழித்து, 1991-இல், பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மாஸ்டாவின் சுழல் என்ஜின் கார் முதலிடம் பெற்றது. தாம் வகுத்த என்ஜின் ஒரு முழுநாள் தளராமல் ஓடி வென்றதைக் காண அவர் இல்லை.